மறு: பொற்விகிதமா, தங்க விகிதமா? – எகிப்துக்கு வேறு சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களே,

மூன்று நாளாக ஊரில் இல்லை. திரும்பி வந்து அஞ்சல்பெட்டியைத் திறந்தால் இந்த இழையில் மட்டும் இருபத்தேழு மடல்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தம்பி கேட்டது ஒரே ஒரு வரி:

> சிறுவர் இதழுக்கான கட்டுரையில் “எகிப்தியர் பெரிய பிரமிடைப் பொற்விகிதத்தில் கட்டினார்கள்” என்று எழுதியிருக்கிறேன். பொற்விகிதம் சரியா, தங்க விகிதம் சரியா?

சொல்லில் ஒரு பிழை இருக்கிறது, அது சின்னது. வாக்கியத்தில் ஒரு பிழை இருக்கிறது, அது பெரியது. இருபத்தேழு மடலும் சின்னதைப் பிடித்துக்கொண்டு நின்றதில் பெரியது நைசாக நழுவிவிட்டது.

சின்னதை முதலில் முடித்துவிடுவோம். பொன்னின் னகரம் வல்லினத்துக்கு முன்னால்தான் றகரமாகும்: பொற்காலம், பொற்கொல்லர், பொற்பாதம். வகரத்துக்கு முன்னால் அப்படியே நிற்கும். யாரும் ‘பொற்விழா’ என்று அழைப்பிதழ் அடிப்பதில்லை; பொன்விழாதான். ஆகவே பொன்விகிதம். ஆனால் இதே குடும்பத்தில் மற்றவை ஆளுக்கொரு பக்கம் போகும்: பொற்கோணம், பொற்செவ்வகம், பொற்சுருள், பொன்முக்கோணம், பொன்னெண். ஒரே பக்கத்தில் பொன்விகிதமும் பொற்செவ்வகமும் வந்தால் மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கை அரிக்கும். ஒன்றை மற்றதுபோல் ஆக்கிவிடுவார். பொற்விகிதம் இப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் ஊகம்.

தங்க விகிதம் இலக்கணப்படி தவறில்லை. எனக்கு மட்டும் அதைக் கேட்டால் நகைக்கடைப் பலகைதான் நினைவுக்கு வருகிறது. பொன் என்பது உலோகத்தையும் சொல்லும், மேன்மையையும் சொல்லும். பொன்மொழியைத் தங்கமொழி என்று யாரும் சொல்வதில்லை.

பேராசிரியர் ஐயா ‘விகிதம்’ வடசொல், ‘தகவு’ என்று வைத்துப் பொற்றகவு ஆக்கலாம் என்றார். பொன்னும் தாமரையும் சேர்ந்து பொற்றாமரை ஆகும்போது பொன்னும் தகவும் சேர்ந்து பொற்றகவு ஆகலாம், புணர்ச்சியில் குறையே இல்லை. சொல்லழகுக்காக எனக்கும் ஆசைதான். ஆனால் ஐயா, மதுரைக் குளம் கண்ணெதிரே இருப்பதால் பொற்றாமரை புரிகிறது. பொற்றகவைப் பார்க்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் பொன் எங்கே, தகவு எங்கே என்று பிரிக்கவே ஒரு வாத்தியார் வேண்டும். அது வகுப்பில் படிப்பது விகிதம்தான். கட்டுரைக்குப் பொன்விகிதம் போதும். பொற்றகவு அகராதியில் ஒரு மூலையில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்து அக்கா ‘தெய்வீக விகிதம்’ என்ற பெயரை நினைவூட்டியது நல்லது. அந்தப் பெயருக்கு ஒரு முகவரி இருக்கிறது: இத்தாலியத் துறவி லூக்கா பச்சோலி, 1509, வெனிஸ். அவர் நூலுக்கு உருவங்கள் வரைந்து கொடுத்தவர் லியனார்டோ டா வின்சி. அதற்கு ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இதே விகிதத்தைச் சொன்னபோது தெய்வமும் இல்லை, பொன்னும் இல்லை. ஒரு கோட்டை இரண்டாக வெட்டு. முழுக்கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள உறவே பெரிய துண்டுக்கும் சின்னத் துண்டுக்கும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘கடை இடை விகிதம்’ என்று சொல்லலாம். சரி, பொன் எப்போது வந்தது? ஜெர்மானியர் மார்ட்டின் ஓம் 1835-இல் தன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் ‘பொன் வெட்டு’ என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். அந்த எண்ணுக்கு ஃபை என்ற கிரேக்க எழுத்து ஒட்டிக்கொண்டது இன்னும் பிந்தி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

(இடையில் ஒரு புலம்பல். வட்டத்துக்கு உரிய எண்ணும் பை, இதுவும் ஃபை. ஆய்தப் புள்ளியை விட்டுவிட்டால் இரண்டும் ஒரே பை. கீழே இரண்டும் ஒரே பத்தியில் வரப்போகின்றன. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.)

இனி பெரிய பிழை.

பெரிய பிரமிடு, அதாவது கூஃபு மன்னருடையது, எழுந்தது கி.மு. 26-ஆம் நூற்றாண்டு. யூக்ளிட் வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அதில் பொன்விகிதம் இருக்கிறது என்ற பேச்சைக் கிளப்பியவர் எகிப்தியர் யாரும் இல்லை; ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர், 1859-இல். பிரமிடின் ஒரு பக்க முக்கோணத்தின் பரப்பும் உயரத்தை வைத்து வரைந்த சதுரத்தின் பரப்பும் சமம் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லியிருப்பதாக டெய்லர் எழுதினார். அது உண்மையானால் கணக்கு நேராகப் பொன்விகிதத்தில் போய் நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹெரோடோட்டஸ் பரப்பைப் பற்றிப் பேசவே இல்லை. ஒவ்வொரு பக்கமும் எட்டுப் பிளெத்ரா (கிரேக்கரின் ஒரு நீள அளவு), உயரமும் அதே அளவு என்றுதான் எழுதினார். அந்த உயரமே தப்பு. தப்பான ஒரு வரியைத் தப்பாக வாசித்து, அதிலிருந்து ஒரு பெரிய உண்மையை எடுத்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எகிப்தியர் பிரமிடுக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்ற விடை அதற்கு முந்தின ஆண்டே கைக்கு வந்துவிட்டது. 1858-இல் அலெக்சாண்டர் ஹென்றி ரைண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லக்சரில் ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். இன்று அது பெரும்பாலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆமோஸ் என்ற எழுத்தர் கி.மு. 1550 வாக்கில், இன்னும் பழைய ஓர் ஏட்டைப் பார்த்துப் படி எடுத்தது. 1877-இல் ஐசன்லோர் என்ற எகிப்தியல் அறிஞர் அதை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார். அதில் 56 முதல் 60 வரையுள்ள கணக்குகள் இந்தச் சரிவைப் பற்றியவைதாம்.

56-ஆம் கணக்கு இப்படிப் போகிறது: பிரமிடின் அடி 360 முழம், உயரம் 250 முழம், அதன் ‘செகெட்’ என்ன? 360-இல் பாதி 180. 180-ஐ 250-ஆல் வகுத்தால் ஒரு முழத்தில் அரையும் ஐந்திலொன்றும் ஐம்பதிலொன்றும் சேர்ந்தது. (எகிப்தியர் பின்னத்தை இப்படி உடைத்துத்தான் எழுதுவார்கள்; மூன்றில் இரண்டு ஒன்றுதான் விலக்கு.) அதை ஏழால் பெருக்கினால் 5-உம் 25-இல் ஒன்றும். ஏன் ஏழு? அவர்களுடைய அரச முழம் ஏழு பங்கு. ஒவ்வொரு பங்கும் கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல் சேர்ந்த அகலம். ஆக முழத்துக்கு 28 விரல், நம் அளவில் சுமார் 52.4 செ.மீ. நம்முடைய முழம் 24 விரல் என்பார்கள். அவர்களிடமும் 24 விரலில் ஒரு குட்டை முழம் இருந்தது, கட்டடத்துக்கு வந்தது நெட்டை முழம்.

ஆக, செகெட் என்பது கோணம் இல்லை. ஒரு முழம் மேலே ஏறினால் முகம் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்ற நீளம். கல் அடுக்குபவனுக்கு வேண்டியது அதுதான். கோணத்தை வைத்து அவன் என்ன செய்வான்? மெய்தூமில் 17 எண்ணிட்ட மஸ்தபாக் கல்லறையின் மூலைகளில், நிலமட்டத்துக்குக் கீழே, தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்ட மண்சுவர்களில் முழத்துக்கு முழம் கோடு போட்டு, முகத்தின் சரிவை வரைந்தே வைத்திருந்தார்கள். கட்டட வேலையில் முப்பது வருடம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தடுப்புச் சுவரைச் சாய்த்து எழுப்பும்போது இன்றைக்கும் இதே முறைதான்: ஆறடி ஏறினால் ஓரடி உள்ளே. எந்தக் கொத்தனாரிடமும் போய் எண்பது பாகை என்று சொல்லிப் பாருங்கள், மேலும் கீழும் பார்ப்பார்.

இப்போது பெரிய பிரமிடு. அடி 440 முழம், உயரம் 280 முழம். பாதி அடி 220. அதாவது 28 விரல் ஏற 22 விரல் உள்ளே. ஏட்டுக் கணக்குப்படி ஐந்தரைச் செகெட். பக்கத்தில் நிற்கும், கூஃபுவின் மகன் காஃப்ரேயின் பிரமிடு ஐந்தேகால், அதாவது 21 விரல். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே ஒரு விரல்தான் வித்தியாசம்.

இந்த 22 விரலில்தான் பையும் ஃபையும் ஒளிந்திருக்கின்றன. பெரிய பிரமிடின் ஒரு முகத்தின் சாய்ந்த உயரத்தைப் பாதி அடியால் வகுத்தால் 1.6186. பொன்விகிதம் 1.6180. நான்கு பக்கச் சுற்றளவை உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் 1760-க்கு 560, அதாவது 22/7. பள்ளிக்கூடத்துப் பை! ஒரே சரிவில் இரண்டும் வந்து விழுகின்றன, ஏனென்றால் பொன்விகிதத்தின் வர்க்கமூலமும், நான்கைப் பையால் வகுத்த ஈவும் தற்செயலாக மிக நெருக்கம்: 1.2720, 1.2732. நடுவில் 28/22, அதாவது 1.2727. பைக்காரர் ஒரு பக்கம், ஃபைக்காரர் ஒரு பக்கம் நூற்றைம்பது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, கொத்தனாரின் 22 விரல் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இதற்குத்தான் திருச்சி நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அங்கே பொன்விகிதம் ‘இருக்கிறது’ அல்லவா? இருப்பதை எழுதுவதில் என்ன தவறு?

இருக்கிறதா என்று அளந்தே பார்ப்போம். 440 முழ அடியில் அச்சுப் பிசகாமல் பொன்விகிதம் வேண்டுமென்றால் உயரம் 279.84 முழம் இருக்க வேண்டும். 22 விரல் கணக்குக்கு 280. பை வேண்டுமென்றால் 280.11. பொன்விகிதத்துக்கும் 22 விரலுக்கும் உச்சியில் வித்தியாசம் எட்டுச் சென்டிமீட்டர் சொச்சம், 146 மீட்டரில்! அந்த உச்சியே இன்று இல்லை. பிரமிடு இப்போது 138 மீட்டர் சொச்சம்தான் நிற்கிறது, வெளி உறைக்கல்லில் பெரும்பகுதியைப் பிற்காலத்தில் கெய்ரோவில் கட்டடம் கட்டப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இல்லாத உச்சியில் எட்டுச் சென்டிமீட்டரை வைத்து ‘இருக்கிறது’ என்று எப்படி அடித்துச் சொல்வது?

இன்னொன்று. விரலை முழு எண்ணாக வைத்துக்கொண்டால் சாய்ந்த உயரத்துக்கும் பாதி அடிக்கும் உள்ள விகிதம் 21 விரலுக்கு 1.667, 22 விரலுக்கு 1.619, 23 விரலுக்கு 1.575. மூன்றில் ஒன்று பொன்விகிதத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. கூஃபுவுக்கு முன் மெய்தூமில் கட்டியதும் ஏறத்தாழ இதே 22 விரல் சரிவு. ஆனால் அவர் தந்தை ஸ்னெஃபுருவின் செம்பிரமிடு 43 பாகை அளவில் படுத்துக் கிடக்கிறது. வளைந்த பிரமிடோ பாதி வழியில் சரிவையே மாற்றிக்கொண்டது. பொன்விகிதம்தான் குறிக்கோள் என்றால், ஒரே குடும்பத்தில் இப்படி ஆளுக்கொரு சரிவு ஏன்? கல் நிற்குமா, அடித்தளம் தாங்குமா என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களின் தடம் இது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

கோயில்களின் தரைப்படத்தில் 8:5 முக்கோணம் இருப்பதாக எகிப்தியக் கட்டடக்கலை ஆய்வாளர் அலெக்சாண்டர் படாவி 1965-இல் எழுதியதையும் ஒருவர் குறிப்பிட்டிருந்தார். தரைப்படத்தில் தடித்த சுவர்கள். உள்விளிம்பிலிருந்து அளக்கலாம், வெளிவிளிம்பிலிருந்து அளக்கலாம், முன்மண்டபத்தைச் சேர்க்கலாம், விடலாம். இவ்வளவு சலுகை கொடுத்தால் என் வீட்டு மாட்டுக்கொட்டகையிலும் 8:5 கிடைக்கும். அதை இங்கே நீட்டவில்லை.

ஆகவே நமக்கு அவசரமாக வேண்டிய கலைச்சொல் ‘பொன்விகித’த்துக்கு இல்லை, செகெட்டுக்குத்தான். அதற்குத் தமிழ்ப்பெயர் இல்லாததால்தான் பிரமிடின் சரிவைப் பேசவேண்டிய இடத்தில் கையில் கிடைத்த பொன்விகிதத்தைத் தூக்கி வைக்கிறோம்.

என் முதல் யோசனை ‘முழவாட்டம்’. மொட்டைமாடியில் தண்ணீர் ஓட அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் விடச் சொல்வோம் அல்லவா, அந்த வாட்டம். முழத்துக்கு இவ்வளவு வாட்டம், முழவாட்டம். இதைத் தனிமடலில் ஒரு நண்பருக்கு அனுப்பினேன். “முழவு ஆட்டமா? பறையாட்டம் மாதிரியா?” என்று பதில் வந்தது. சிரித்து முடித்தபின் யோசித்தால் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்தது. வாட்டம், சாய்வு, சரிவு எதை எடுத்தாலும் எண் கூடினால் செங்குத்துக் கூடும் என்றுதான் பாடப்புத்தகம் பழக்கியிருக்கிறது. செகெட்டில் நேர் எதிர்: எண் கூடினால் முகம் படுத்துக்கொள்ளும். 22 விரலைவிட 21 விரல் பிரமிடு செங்குத்து. ‘சரிவு அதிகம், ஆனால் செங்குத்துக் குறைவு’ என்று ஒரு வாக்கியம் எழுதினால் படிக்கிற பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். அதனால் ‘முழச்சரிவு’, ‘முழச்சாய்வு’ இரண்டையும் தள்ளிவிட்டேன்.

உள்ளே போவதைச் சொல்லும் சொல் வேண்டும். ‘உள்வாங்கல்’ நன்றாக இருக்கிறது. ‘முழத்துக்கு 22 விரல் உள்வாங்கும்’ என்பது பேச்சிலேயே வரும். ஆனால் பெயர்ச்சொல்லாக முழத்தோடு சேர்க்கும்போது வாய்க்குள் சிக்குகிறது. அப்புறம், உள்வாங்கல் என்றால் இப்போது பாதிப்பேருக்குக் கடல்தான் நினைவு.

கடைசியில் வந்து நின்றது ‘முழவொடுக்கம்’. முழம், ஒடுக்கம். மேலே போகப் போக ஒடுங்குவது. எண் கூடினால் ஒடுக்கம் கூடும். சீக்கிரம் உச்சி வந்துவிடும், உயரம் குறையும். திசை குழம்பாது. ஒடுக்கம் என்றால் ஒடுக்குமுறை என்று யாராவது பிடிப்பீர்கள் என்பதும் தெரியும், அதுவும் பிரமிடு என்றதும். கீசாவில் 1990 முதல் தோண்டிய தொழிலாளர் கல்லறைகளைப் பார்த்தால், கட்டியவர்களைச் சவுக்கடி அடிமைகள் என்ற பழைய படத்தை விட்டுவிட வேண்டியிருக்கிறது; மன்னர் பிரமிடுக்கு அருகிலேயே அவர்களை அடக்கம் செய்திருக்கிறார்கள். முழவு இங்கேயும் ஒலிக்கிறது என்பீர்கள். ஒலிக்கட்டும், ஒடுங்கிவிடும்.

முழத்தின் ஏழு பங்கில் ஒன்றுக்கும் ஒரு சொல் வேண்டும். உள்ளங்கை என்று எழுதினால் நீளமா அகலமா என்று தெரியாது. ‘நால்விரல்’ என்று வைக்கிறேன். ஏழு நால்விரல் ஒரு முழம். ஆனால் சிறுவர் கட்டுரையில் இதுகூட வேண்டாம், எல்லாவற்றையும் விரலிலேயே சொல்லிவிடலாம். ஐந்தரை நால்விரல் என்பதைவிட 22 விரல் எவ்வளவு சுலபம்!

இனி, அதே கட்டுரையில் இயற்கையில் பொன்விகிதம் பற்றிய பகுதி. அங்கே தம்பி எழுதியதில் பாதிதான் சரி. சூரியகாந்திப் பூவின் நடுவில் ஒரு பக்கமாக 34 சுருளும் மறுபக்கமாக 55 சுருளும் எண்ணலாம். பெரிய பூவில் 55-உம் 89-உம். அன்னாசியில் 8, 13, 21. இது வெறும் ஒற்றுமை இல்லை, காரணம் தெரிந்த விஷயம். புதிய மொட்டு ஒவ்வொன்றும் முன்னே வந்தவற்றிலிருந்து எங்கே இடம் அதிகமோ அங்கே முளைக்கும். தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் 1868-இலேயே சொன்னார். அப்படி முளைத்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த மொட்டுக்கு நடுவே கோணம் 137.5 பாகையில் வந்து நிலைக்கும். 1992-இல் துவாடி, கூடே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர்கள் காந்தத் திரவத் துளிகளை எண்ணெயில் சொட்டவிட்டு, செடியே இல்லாமல் அதே சுருளைக் காட்டினார்கள். அங்கே ‘பொற்கோணம்’ என்று தாராளமாக எழுதலாம்.

நாட்டிலஸ் சங்கை மட்டும் எடுத்துவிடுங்கள். அது ஒரே சீராக விரியும் சுருள்தான், ஆனால் பொற்சுருள் இல்லை. பொற்சுருள் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 6.85 மடங்கு விரிய வேண்டும். நாட்டிலஸ் மூன்று மடங்கை ஒட்டித்தான் விரிகிறது. படத்தின்மேல் செவ்வகங்களை ஒட்டிப் பரப்பிவிட்டார்கள், நாமும் அட்டைப்படத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தம்பி, உங்கள் வரிக்குப் பதில் இதை வைத்துப் பாருங்கள்:

“பெரிய பிரமிடின் முழவொடுக்கம் 22 விரல். அதாவது, 28 விரல் கொண்ட எகிப்திய முழம் ஒன்று மேலே ஏறினால், சுவர் 22 விரல் உள்ளே ஒடுங்கும். இப்படிக் கட்டும்போது, பிற்காலத்தில் பொன்விகிதம் என்று பெயர் பெற்ற எண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்டது.”

மூன்றாவது வாக்கியம் வேண்டாம் என்று இதழாசிரியர் சொன்னால் வெட்டிவிடுங்கள், முதல் இரண்டை விடாதீர்கள்.

முழவொடுக்கத்துக்கு எதிர்ப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். தம்பி திங்களன்று அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அக்கா, உங்களுக்கு ஒரு வேலை. அங்கே மேசன்மார் சாய்த்துக் கட்டும் சுவரில் இந்த உள்ளே போகும் அளவுக்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள். இங்கே என்னோடு வேலை செய்தவர்கள் “உள்ள தள்ளு” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். யாரையாவது கேட்டுச் சொல்லுங்கள். அது நன்றாக இருந்தால் என் சொல்லை நானே விலக்கிக்கொள்கிறேன்.